2024–25 ஆண்டறிக்கை: குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொது நிகழ்ச்சிகள்

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் சுதந்திர தின விழா, கண் பரிசோதனை முகாம், பொங்கல் விழா, ஆண்டு விழா ஆகியவற்றைச் சங்கம் நடத்தியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். முதல் இரண்டும் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிந்தவை. பந்தல், மின்சாரம், சாப்பாடு மூன்றும் சேர்ந்தவை மற்ற இரண்டும்தான். அடுத்து பொறுப்புக்கு வருபவர்களுக்குக் கைகொடுக்கும் என்பதால் அவற்றை விவரமாகவே பதிவு செய்கிறேன்.

தார்ப்பாய்ப் பந்தலை மட்டமாகப் போட பந்தல்காரர்கள் விரும்புவார்கள், வேலை சுலபம். மழை வந்தால் அதுவே ஆபத்து. 10 அடிக்கு 10 அடி கட்டத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் தேங்கினால் கிட்டத்தட்ட 470 கிலோ எடை. சவுக்குக் கம்பு சாய்ந்துவிடும். நடுவை உயர்த்தி இருபுறமும் சரிவு கொடுத்த பிறகே ஆண்டு விழாப் பந்தலை ஒப்புக்கொண்டோம். மின்கம்பிக்குக் கீழே பந்தல் கூடாது, சமையல் பந்தல் தனியே தள்ளி இருக்க வேண்டும். ஓலை அறவே வேண்டாம். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டப மாடியின் ஓலைக் கொட்டகை தீப்பற்றி 50-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலிகளை நான்கு நான்காகச் சேர்த்துக் கட்டினோம். தனித்தனியாக விட்டால், கூட்டம் அவசரமாக எழும்போது கவிழ்ந்து வழியை அடைத்துவிடும்.

பொங்கலன்று கலைநிகழ்ச்சி நடுவே மைக் நின்றுபோனது ஏன் என்று பலர் கேட்டீர்கள். மைக்செட்டும் சமையல் பந்தலின் கிரைண்டரும் ஒரே ஃபேஸில் இருந்தன. கிரைண்டர் ஓடும்போது எடுப்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும், பிரேக்கர் விழுந்துவிட்டது. ஆண்டு விழாவில் மேடை, சமையல், விளக்கு மூன்றையும் தனித்தனி ஃபேஸில் பிரித்தோம், தொல்லை இல்லை. 230 வோல்ட்டில் ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 4.3 ஆம்பியர் என்று வைத்து முன்கூட்டியே கூட்டிப் பார்த்தால் போதும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாகவே விட்டு லோடு கொடுத்தால் சூடேறி உருகும், முழுக்க விரிக்க வேண்டும். ஈரத்தரையில் டேப் சுற்றிய ஒட்டு இருக்கவே கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத போர்டை இனி யாரிடமிருந்தும் வாடகைக்கு எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மின்வாரியத் தற்காலிக இணைப்புக்கும் காவல் நிலைய ஒலிபெருக்கி அனுமதிக்கும் முன்னதாகவே மனு கொடுத்தோம். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. நிகழ்ச்சிநிரல் எப்போதும் இழுக்கும் என்பதால் 9.15-க்கே முடியும்படி போட்டோம். கூம்புக் குழாயைத் தவிர்த்து, சிறிய பெட்டிகளைக் கூட்டத்தை நோக்கியே வைத்தோம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் முதியவர்களும் இருக்கும் தெரு இது.

சாப்பாட்டில் சாம்பார் சாதம், தயிர்சாதம் இரண்டும் கொடுக்கும்போது 100 பேருக்கு மொத்தம் 10 கிலோ அரிசி சரியாக இருந்தது: சாம்பார் சாதத்துக்கு 6, தயிர்சாதத்துக்கு 4. தயிரைக் காலையிலேயே விட்டுப் பிசைந்தால் பந்தி நேரத்துக்குள் புளித்துவிடும். சாதத்தைக் குழைய வடித்துப் பரப்பி ஆறவிட்டு, பரிமாறும் முன்பு தயிர் சேர்க்கச் சொன்னோம். சாம்பார் சாதம் ஆவி பறக்கவே இருக்க வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் கிடந்தால் ஊசிப்போகும். தேங்காய்ச் சட்னி அதற்கும் முன்பே கெடும், அதனால் இரண்டு தடவையாக அரைத்தார்கள்.

மேசையின் இருபுறமும் பரிமாறியதால் ஒரு மேசையே இரண்டு வரிசைக்கு உதவியது. ஒரு வரிசையில் நிமிடத்துக்கு ஐந்து பேர் நகர்ந்தால், 600 பேருக்கு இரண்டு வரிசையில் ஒரு மணி நேரமும் நான்கு வரிசையில் அரை மணியும் ஆகும். தண்ணீர் கேன்களை மேசையருகே வைத்தபோது வரிசைகள் குறுக்கிட்டு நெரிசலாயிற்று. கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மாற்றியதும் சரியானது. பாக்குமட்டைத் தட்டுகளைத் தனித் தொட்டியில் சேர்த்ததால் தூய்மைப் பணியாளர்களுக்குப் பிரிக்கும் வேலை மிச்சம். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

கசிவுத் துண்டிப்பு பிரேக்கருடன் சொந்த மின் போர்டு ஒன்றும், இரண்டு தீயணைப்பான்களும் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். விலைப்புள்ளிகள் பொருளாளரிடம் உள்ளன. அடுத்த பொங்கலுக்கு மின்சாரம், சமையல், வாசல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பொறுப்பாளர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் இன்றே கூட்டப் பதிவேட்டில் பெயர் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்