பால் பத்தலை என்று வருகிறவர்களுக்கு

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்த செவிலியர்களுக்கு முதலில் எதைச் சொல்லித்தருவது என்று கேட்டிருந்தாய். "பால் பத்தலை" என்று ஒரு தாய் வந்து நின்றால், பவுடர் பால் பேச்சை எடுக்காமல் இருக்கக் கற்றுக்கொடு. மற்றதெல்லாம் பிறகு.

குழந்தை அழுவதும், மார்பு கனக்காமல் இருப்பதும் பால் குறைவுக்கு அடையாளம் இல்லை. சில வாரங்களில் மார்பு இளகுவது இயல்பே. கேட்க வேண்டியது சிறுநீர்க் கணக்கு: ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது, வெளிர் நிறத்தில் போக வேண்டும். இடையில் தண்ணீர் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதையும் விசாரிக்கச் சொல். அடுத்தது எடை. பிறந்தவுடன் கொஞ்சம் இறங்கும், இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு மாதம் 500 கிராம்கூட ஏறவில்லை என்றால்தான் கவலை.

கணக்கு இடித்தால் அறிவுரை வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை பாலூட்டலை முழுதாகப் பார்க்கட்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடங்கி, தாடை மார்பைத் தொட வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேல்பக்கம் கூடுதலாகத் தெரிய வேண்டும். முதலில் வேகவேகமாகச் சப்பும், பிறகு நிதானமாக ஆழ்ந்து சப்பி விழுங்கும். கன்னம் குழிந்தால் பிடிப்பு சரியில்லை. பால் குடித்து முடித்ததும் காம்பைப் பார்க்கச் சொல். நசுங்கி, ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் குழந்தை காம்பை மட்டும்தான் கடித்திருக்கிறது. வெடிப்பும் பால் கட்டுவதும் பெரும்பாலும் இங்கிருந்துதான். இழுத்துப் பிடுங்காமல், வாயோரம் சுண்டுவிரல் நுழைத்து விடுவித்து மறுபடி பிடிக்க வைக்க வேண்டும்.

புட்டியைக் கொடுத்தால் மார்பில் பால் தங்கும். தங்கினால் சுரப்பு குறையும். "பத்தலை" என்பது அப்படித்தான் நிஜமாகிறது. இரவுப் பாலை நிறுத்தச் சொல்லும் உறவினர்களிடம் ஒன்றைச் சொல்லலாம்: பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம்.

ஆறு மாதம் முடிந்ததும் பிரச்சினை வேறு. பிறக்கும்போது சேர்த்துவைத்த இரும்புச்சத்து அதற்குள் தீர்ந்துபோகும். ஆனால் தட்டில் வருவதோ நீர்க்கஞ்சி. ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 200 மில்லிதான் கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பினால் எடை எங்கிருந்து ஏறும்? கரண்டியைச் சாய்த்தால் கூழ் ஓடக்கூடாது, அவ்வளவுதான் சோதனை. இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, ஒரு வேளைக்கு அரைக் கோப்பைவரை. எட்டு மாதம்வரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு. முட்டை, மீன், இறைச்சி, பருப்பு எல்லாம் ஆறு மாதத்திலேயே சேர்க்கலாம். மசித்துக் கொடுத்தால் போதும். தாய்ப்பால் இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரட்டும்.

ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டறிய மேற்கையைச் சுற்றி அளக்கும் கைச்சுற்றளவு நாடாவை ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் பயன்படுத்தச் சொல். 125 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் கவனம், 115க்குக் கீழே என்றால் அன்றே சிகிச்சைக்கு. நாடா தோலை அழுத்தினால் அளவு குறைவாகக் காட்டும், இதில்தான் புதியவர்கள் தவறுவார்கள்.

எடைத் தராசை எப்போது கடைசியாகச் சரிபார்த்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
வசந்தா