வாய் திறக்காமல் நின்ற பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் மதமும் அரசமைப்பும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மத நம்பிக்கையைச் சட்ட விவகாரத்துக்குள் கொண்டுவரவே கூடாது, அதிலும் வெளிநாட்டுத் தீர்ப்பெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்டிருந்தார் கட்டுரையாளர். முப்பது வருஷம் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். காலை அசெம்பிளி மைதானத்தில் நான் பார்த்ததையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் தேசிய கீதம் பாடும்போது கையைத் தொங்கவிட்டு நேராக நிற்கிறாள், உதடு மட்டும் அசையவில்லை. கூப்பிட்டுத் திட்டினேன். அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை, "எங்க வீட்ல பாட மாட்டோம் சார், ஆனா எழுந்து நிப்போம்" என்றாள். மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் நாலாக மடித்து வைத்திருந்த ஜெராக்ஸ் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்து, "ஐயா, இதை ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க, அப்புறம் நீங்க சொல்றதைக் கேக்குறேன்" என்றார். அது உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்ட் 11 அன்று கொடுத்த தீர்ப்பு. அதுவரை அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

தேசிய கீத வழக்கு என்றுதான் அதைச் சொல்வார்கள். கேரளத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். வணக்கமும் துதியும் கடவுளுக்கு மட்டும்தான், நாட்டின் சின்னத்துக்கோ பாட்டுக்கோ அதைக் கொடுக்கக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். அவர்களுடைய அக்காக்களும் அதே பள்ளியில் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. 1985இல் விஷயம் சட்டமன்றம் வரை போனது. விசாரித்தவர்கள் பிள்ளைகள் எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்றே அறிக்கை கொடுத்தும், ஜூலை 26 அன்று மூன்று பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

உயர் நீதிமன்றம் தேசிய கீதத்தை வரி வரியாகப் பார்த்துவிட்டு, யாருடைய மதத்தையும் புண்படுத்துகிற சொல் இதில் ஒன்றுகூட இல்லையே என்றது. கேட்கும்போது சரி என்றுதான் தோன்றும். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, கேள்வியே அது இல்லை என்றார். அந்த நம்பிக்கை நமக்கு நியாயமாகப் படுகிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை. அதை அவர்கள் மனதார, நேர்மையாக நம்புகிறார்களா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும். தேசிய கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்கிற 1971ஆம் வருஷத்துச் சட்டமும் கீதம் பாடுவதைத் தடுப்பதையும் பாடுகிற கூட்டத்தைக் குலைப்பதையும்தான் குற்றம் என்கிறது. சும்மா நிற்பவரை அது தொடுவதில்லை. கல்வித்துறையின் சுற்றறிக்கைகளை வைத்துக்கொண்டு அரசமைப்பின் 19ஆம் பிரிவு தந்த பேச்சுரிமையையும் 25ஆம் பிரிவு தந்த மத உரிமையையும் பறிக்க முடியாது என்று சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். 25ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள், மதத்தைப் பின்பற்றும் உரிமைக்கு முன்னால் மனசாட்சியின் சுதந்திரத்தைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரிசை எனக்கு ரொம்பப் பெரிதாகப் படுகிறது.

இப்போது வெளிநாட்டுத் தீர்ப்புகளுக்கு வருகிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரி ஊர், 1935இல் பன்னிரண்டு வயது அக்காவும் பத்து வயதுத் தம்பியும் கொடிக்கு சல்யூட் அடிக்க மாட்டோம் என்று நின்றார்கள். அதே சமயம் ஜெர்மனியில் அதே பிரிவினர் ஹிட்லர் சல்யூட் அடிக்க மறுத்து அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள், பிறகு வதை முகாமில் ஊதா முக்கோணம் குத்திய சட்டையோடு கிடந்தார்கள். அன்றைய அமெரிக்கக் கொடி சல்யூட்டும் கையை நேராக நீட்டிச் செய்வதுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1940இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம் எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு சொன்னது. எழுதிய நீதிபதி ஃபிராங்க்ஃபர்டர் யூதர், சிறுபான்மையினரின் துன்பம் தெரியாதவர் இல்லை, ஆனாலும் நாட்டின் ஒற்றுமைதான் பெரிது என்று நினைத்தார். தீர்ப்பு வந்த அதே மாதம் மெய்ன் மாநிலத்தில் யெகோவாவின் சாட்சிகளின் கூட்ட அரங்கைக் கொளுத்தினார்கள், பல ஊர்களில் அடி உதை. மூன்றே வருஷம். 1943இல், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. எந்த அதிகாரியும், பெரியவரோ சின்னவரோ, இதுதான் சரியான கருத்து என்று ஒரு குடிமகனுக்கு விதிக்க முடியாது என்று நீதிபதி ஜாக்சன் எழுதினார். பிலிப்பைன்ஸிலும் இதே கதைதான், 1959இல் பிள்ளைகளை வெளியேற்றியது சரி என்றார்கள், 1993இல் தவறு என்று திருத்தினார்கள்.

நம் நீதிபதிகள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா தீர்ப்புகளையெல்லாம் எடுத்து வாசித்தார்கள் என்றால், நமக்குச் சொந்தமாகச் சட்டம் இல்லை என்று வாசிக்கவில்லை. இன்னொரு நாடு எங்கே தடுக்கி விழுந்தது என்று தெரிந்துகொண்டால் நாமும் அதே இடத்தில் விழ வேண்டியதில்லை. நம் மண்ணுக்கும் இது புதிது இல்லை. பல்லவ மன்னனின் ஆட்கள் வந்து கூப்பிட்டபோது வர முடியாது என்று சொன்ன அப்பரைத் தானே நாம் கோயில்தோறும் வைத்துக் கும்பிடுகிறோம். நான் சைவன். எனக்கு அந்தப் பெண்ணின் நம்பிக்கை ஒப்புதல் இல்லை, ஜன கண மன பாடும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்த நிறைவு இன்னொருவரை மிரட்டி வரவழைக்கிற சங்கதியா?

ஆளாளுக்கு மதத்தைச் சொல்லிக்கொண்டு கிளம்பினால் என்ன செய்வது என்று கட்டுரையாளர் கேட்பது நியாயமான பயம்தான். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்று வேலியை 25ஆம் பிரிவே போட்டிருக்கிறது. எனக்கு இருக்கிற கவலை வேறு. மடத்தின் நிர்வாகத்தில் அரசு தலையிடலாமா என்ற 1954 சிரூர் மடம் வழக்கிலிருந்து, ஒரு வழக்கம் அந்த மதத்துக்கு இன்றியமையாததா என்று நீதிமன்றம் சாஸ்திரம் பார்க்கிற பழக்கம் வளர்ந்துவிட்டது. 2022 மார்ச்சில், மாணவிகள் வகுப்பில் ஹிஜாப் அணியலாமா என்ற வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் அப்படித்தான் பார்த்தது. அதே வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்பு சொன்னபோது, மாணவிகளின் பக்கம் நின்ற நீதிபதி துலியா கேரளப் பிள்ளைகளின் வழக்கைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். வேதத்தில் இருக்கிறதா என்று நீதிபதி தேடத் தொடங்கினால், படிக்காத ஏழைப் பக்தன் தன் நம்பிக்கைக்கு எங்கே போய்ச் சான்று வாங்குவான்?

அந்தப் பெண்ணிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தாள்களை மடித்து அவள் அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, இனிமே நான் ஒண்ணும் சொல்லலை" என்றதோடு விட்டுவிட்டேன்.

நம் மரபு சகிப்பைக் கற்றுத்தருகிறது, நம் தத்துவம் சகிப்பைப் போதிக்கிறது, நம் அரசமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விட வேண்டாம் என்று முடிகிறது சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பு. அப்படியொன்றும் நீளமானது இல்லை. தமிழில் முழுவதுமாக ஒரு நாள் வெளியிடுங்கள் ஐயா. ஜூன் மாதம் பள்ளி திறக்கிற வாரத்தில் வந்தால் ஆசிரியர் அறையில் கிடக்கும், யாராவது எடுத்து வாசிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
நாகர்கோவில்.