செயலாளர் ஆண்டறிக்கை 2024: மளிகை விலையும் சமையலறைக் கவனமும்

அன்புள்ள தமிழ்ச் சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, கோடைச் சந்திப்பு, தீபாவளி எல்லாம் இந்த ஆண்டும் வழக்கம்போல் நடந்தன. தமிழ்ப்பள்ளியைப் பற்றி அதன் பொறுப்பாளரும், வரவு செலவைப் பற்றிப் பொருளாளரும் தனியாகப் பேசுவார்கள். செயற்குழுக் கூட்டங்களின் நேரத்தைப் பெரும்பாலும் தின்றது மளிகைப் பிரச்சினைதான். ஆகவே இந்த அறிக்கையும் அதைப் பற்றித்தான்.

ஜெர்மனியில் நம் ஸ்டுட்கார்ட் வட்டாரத்துக்குப் புதிதாக வந்தவர்கள் நம்மிடம் முதலில் கேட்பது வீடு; இரண்டாவது, அரிசி எங்கே மலிவு என்பது. 2023 மார்ச்சில் ஜெர்மனியில் உணவுப் பொருள் விலை முந்தைய ஆண்டைவிட 22 சதவீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. 2024-இல் அந்த வேகம் அடங்கியது. அடங்கியது வேகம் மட்டும்தான். ஏறிய விலை அப்படியே மேலே உட்கார்ந்துகொண்டது. பணவீக்கம் குறைந்துவிட்டதாகச் செய்தியில் படித்துவிட்டுக் கடைக்குப் போய் ஏமாந்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

நமக்கு அரிசியில் கூடுதலாக ஓர் அடி விழுந்தது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. புழுங்கலரிசிக்குத் தடை இல்லை என்று பொன்னி சாப்பிடுகிறவர்கள் நிம்மதியாக இருந்தோம்; ஆகஸ்ட் கடைசியில் அதற்கும் 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. 2024 செப்டம்பர் இறுதியில் பச்சரிசித் தடை நீங்கியது. புழுங்கலுக்கான வரி முதலில் பாதியாகி, அக்டோபரில் முழுதாகப் போனது. ஆனால் இங்குள்ள கடைகளில் விலைச்சீட்டுக்கு மாற இன்னும் மனம் வரவில்லை. பழைய விலைக்கு வாங்கிய சரக்கு தீரட்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். ஏறும்போது மட்டும் பழைய சரக்கும் அன்றைக்கே ஏறிவிட்டதே என்று கேட்டால் சிரிக்கிறார்.

இந்த நிலையில்தான் மொத்தக் கொள்முதல் யோசனை வந்தது. மொத்த வியாபாரியிடம் அரிசியும் பருப்பும் சேர்த்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது என்று கோடையில் முடிவெடுத்தோம். விலையில் நல்ல வித்தியாசம் கிடைத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 20 கிலோ சிப்பத்தைப் பிரித்து ஐந்தைந்து கிலோவாகப் பையில் கட்டித் தர வேண்டும் என்ற கோரிக்கையைச் செயற்குழு ஏற்கவில்லை. மாணவர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சிப்பத்தின் மேல்தான் லாட் எண் (அந்தச் சரக்கு எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் எண்), தேதி, இறக்குமதியாளர் முகவரி எல்லாம் இருக்கின்றன. பிரித்துவிட்டால் எந்தப் பை எந்தச் சிப்பத்திலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒரு லாட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தால் யார் வீட்டுக்குப் போன் செய்வது? சிப்பத்தைப் பிரிக்காமல் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து எடுத்துக்கொண்டு, லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். ஒரே அறையில் தங்கும் மாணவர்களுக்கு இது ஒத்துவந்தது.

லாட் எண்ணைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் மசாலா விவகாரம். 2024 ஏப்ரல் 5 அன்று ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம், இந்தியாவின் எம்டிஎச் நிறுவனத்தின் மூன்று மசாலாத் தூள்களிலும் எவரெஸ்ட் நிறுவனத்தின் மீன் குழம்பு மசாலாவிலும் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக அறிவித்தது. அதே மாதம் சிங்கப்பூரும் அந்த மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. தங்கள் பொருள் பாதுகாப்பானதே என்று நிறுவனங்கள் மறுத்தன. அன்று நம் வாட்ஸப் குழுவில் நடந்த களேபரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சிலர் வீட்டிலுள்ள எல்லா மசாலாவையும் குப்பையில் கொட்டினார்கள். சிலர் இதெல்லாம் வெளிநாட்டுச் சதி என்றார்கள். இரண்டுமே அவசரம் என்பது என் கருத்து.

எத்திலீன் ஆக்சைடு என்பது கிருமிகளைக் கொல்லப் பயன்படும் வாயு. மசாலாவிலும் எள்ளிலும் சால்மொனெல்லா என்ற வயிற்றுக் கிருமி வராமலிருக்க அடிப்பார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பொருட்களில் அதை அனுமதிப்பதில்லை. இங்கே இந்தப் பேச்சு புதிதும் இல்லை. 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் இது கண்டுபிடிக்கப்பட்டு, ஐரோப்பா முழுக்க ரொட்டி, பிஸ்கட் என்று எள் போட்ட பொருட்கள் அலமாரியிலிருந்து இறங்கின. அதன் பிறகு இந்திய எள்ளுக்குச் சான்றிதழும் எல்லைச் சோதனையும் கட்டாயமாயின. கறிவேப்பிலை, வெண்டைக்காய், முருங்கைக்காய் ஆகியவையும் பூச்சிமருந்து எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைக்கு உள்ளாகின்றன. கறிவேப்பிலை சில வாரம் கடையில் கிடைக்காமல் போவதற்கும், கிடைக்கும்போது தங்க விலை விற்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

ஆகவே முறையான இறக்குமதியாளர் வழியாக வரும் பாக்கெட்டுக்கு ஒரு வடிகட்டல் இருக்கிறது. யாரோ பெட்டியில் கொண்டுவந்து, ஜெர்மன் மொழி லேபிள் இல்லாமல் கைமாற்றி விற்கும் தூளுக்கு அது இல்லை. விலை குறைவாக இருப்பதே அதனால்தான். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: ஐரோப்பிய முகவரி, ஜெர்மனில் உட்பொருள் பட்டியல், தேதி மூன்றும் வேண்டும். நம் ஊர்க் கடை ஒன்றில் பழைய தேதியின் மேல் புதுத் தேதி ஒட்டிய பாக்கெட்டுகளை நம் உறுப்பினர் ஒருவர் கண்டுபிடித்தார். கடையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நகராட்சியின் உணவுக் கண்காணிப்புப் பிரிவுக்குத் தெரிவித்திருக்கிறோம். திரும்பப் பெறும் அறிவிப்புகள் லெபென்ஸ்மிட்டல்வார்னுங் என்ற அரசு இணையதளத்தில் வரும். இனி அதை வாரம் ஒருமுறை பார்த்து, நம் சமையலுக்குத் தொடர்புள்ளவற்றை மட்டும் தமிழில் குழுவில் போடுவதற்கு இரண்டு பேர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். சரிபார்க்காத ஃபார்வர்டுகளை மற்றவர்கள் தயவுசெய்து போட வேண்டாம்.

தேதி விஷயத்தில் எதிர்ப்பக்கமும் உண்டு. எம்ஹாடே என்று இங்கே சொல்லும் தேதி, அதுவரை தரம் குறையாது என்பதற்கான உறுதி மட்டும்தான். அது கடந்த பருப்பு, ரவை, தயிர் எல்லாம் பார்த்து, முகர்ந்து, ருசித்துச் சாப்பிடலாம். கடைகளில் பாதி விலைக்கும் கிடைக்கும். அரைத்த இறைச்சி போன்றவற்றில் இருக்கும் கடைசி நுகர்வுத் தேதி வேறு, அது தாண்டினால் எறியத்தான் வேண்டும். இந்த வேறுபாடு தெரிந்தாலே மாதச் செலவில் கொஞ்சம் மிச்சமாகும்.

மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற வரம்புள்ள வங்கிக் கணக்கு) காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. வாடகையும் காப்பீடும் போனபின் சாப்பாட்டுக்கு என்ன மிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை. மதியம் மென்சா என்ற பல்கலைக்கழக உணவகத்தில் சாப்பிடுங்கள் என்பதே மூத்தவர்கள் அவர்களுக்குச் சொல்லும் முதல் யோசனை. அப்புறம், எல்லாவற்றுக்கும் தமிழ்க் கடைக்கே போக வேண்டாம். கொத்தமல்லிக் கட்டு, கத்தரிக்காய், கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு எல்லாம் துருக்கிக் கடையில் மலிவு. சர்க்கரைப் பொங்கலுக்கு மில்ஷ்ரைஸ் என்ற குட்டை அரிசி நன்றாகக் குழைகிறது. நெய்க்கு உப்பில்லா வெண்ணெயை உருக்கிக்கொண்டிருந்தோம். அக்டோபரில் 250 கிராம் வெண்ணெய் மலிவுக் கடைகளிலேயே 2.39 யூரோவைத் தொட்டது. இந்தத் தீபாவளிக்குப் பல வீடுகளில் மைசூர்பாகு கெட்டியாக வந்ததற்குக் காரணம் கைப்பக்குவம் அல்ல, நெய்ச் சிக்கனம் என்று மகளிர் அணி தெரிவிக்கச் சொன்னது.

ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது நெய், பால்கோவா கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சி, பால் பொருட்களைக் கொண்டுவரக் கூடாது. தாவரச் சான்றிதழ் இல்லாமல் காய், பழம், இலை எதுவும் வர முடியாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலையும் வெற்றிலையும் அந்த ஐந்தில் இல்லை. ஊறுகாய், அப்பளம், பருப்புப் பொடிக்குத் தொல்லை இல்லை. கருவாடு ஆளுக்கு 20 கிலோ வரை சட்டப்படி வரலாம். வரலாம் என்பதற்காக அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமையைச் சோதிக்க வேண்டாம்.

கடைசியாக, நம் விழாச் சமையல். உறுப்பினர்கள் வீட்டிலேயே சமைத்துக் கொண்டுவருவது செலவைக் குறைக்கிறது, சுவையும் கூடுகிறது. ஆனால் காலை எட்டு மணிக்கு இறக்கிய வெண்பொங்கல் மதியம் இரண்டு மணிவரை மண்டபத்தில் வெதுவெதுப்பாக இருப்பது ஆபத்து. சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்து நச்சைக் கக்கும். அந்த வாந்தி நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். புளியோதரையின் புளிப்பு ஓரளவு தாங்கும்; சாம்பார் சாதத்தை நம்ப முடியாது. சூடு காக்கும் பெட்டிகள் இரண்டும் ஒரு வெப்பமானியும் வாங்கியிருக்கிறோம். சமையல் குழுவில் சிலர் சுகாதார அலுவலகத்தின் உணவுக் கையாளுதல் பயிற்சியையும் முடித்துவிட்டார்கள்.

எந்த உணவில் ஒவ்வாமை தரும் பொருள் எது என்று எழுதி வைக்கும் ஒவ்வாமை அட்டையும் இந்த ஆண்டு தொடங்கியது. ஐரோப்பிய விதியில் உள்ள 14 ஒவ்வாமைப் பொருட்களில் கடுகு, எள், வேர்க்கடலை, பால், முந்திரி எல்லாம் இருக்கின்றன. தாளித்த எதிலும் கடுகு இருக்கும் என்று நமக்குத் தெரியும். விருந்தினராக வரும் ஜெர்மன் நண்பருக்குத் தெரியாது. கட்டிப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பதால் ரசத்தையும் பசையம் (கோதுமையிலுள்ள குளூட்டன்) இல்லாத உணவு என்று எழுத முடியவில்லை. இதை முதலில் கவனித்துச் சொன்னது நம் இளைஞர் அணி.

பொதுக்குழுவின் முடிவுக்கு ஒரு விஷயம் நிற்கிறது. அடுத்த பொங்கலுக்குச் சோறு வகைகளை மட்டும் உணவகத்திடம் கொடுத்துவிட்டு, பொரியல், இனிப்பு, வடையை வீடுகளிலிருந்து கொண்டுவரலாம் என்று செயற்குழுவில் ஒரு தரப்பு; எல்லாமே நம் சமையல்தான் வேண்டும் என்று இன்னொரு தரப்பு. நான் முதல் தரப்பில் இருக்கிறேன். செலவு ஆளுக்கு எவ்வளவு கூடும் என்ற மதிப்பீடு பொருளாளரிடம் இருக்கிறது. அவர் பேசியபின் கை தூக்கி வாக்கெடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்