காது கேளாதோரும் கேள்வி கேட்கும் வகுப்பு: கற்றல் குழு ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கற்றல் குழுக்கள், நூலகக் கூட்டங்கள், இணையவழிப் பயிலரங்குகள் நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் அறிவிப்புகளில் 'அனைவரும் வருக' என்ற வரி தவறாமல் இருக்கிறது. அதை நம்பி வரும் காது கேளாத ஒருவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது, பேச்சை எழுத்தாக்கித் திரையின் அடியில் ஓடவிடும் தானியங்கி கேப்ஷன் மட்டும்தான். பேச்சாளர் சொல்வது அவருக்கு ஓரளவு போய்ச் சேர்கிறது. அவர் சொல்ல நினைப்பது யாருக்கும் வந்து சேர்வதில்லை. கூடிக் கற்பது என்றால் இடையில் புகுந்து கேட்க வேண்டும், மறுக்க வேண்டும், தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லித்தர வேண்டும். அந்த வாய்ப்பு அவருக்கு அதே நிமிடத்தில் கிடைக்கிறதா என்பதை வைத்து உங்கள் கருவிகளையும் ஏற்பாடுகளையும் எடைபோடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை (2006), 24ஆம் பிரிவில், வயது வந்தோர் கல்வியையும் வாழ்நாள் கற்றலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

செயலி எதையும் தேடுவதற்கு முன் பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: 'பங்கேற்க உங்களுக்கு எது தேவை? சைகை மொழிபெயர்ப்பா, நேரடி கேப்ஷனா, மைக்கின் ஒலியைக் காதொலிக் கருவிக்கு நேரே அனுப்பும் லூப் வசதியா, வேறு ஏதாவதா?' சைகை மொழி என்றால் எந்தச் சைகை மொழி என்றும் கேளுங்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேசுவது ஆங்கிலம்தான். அங்குள்ள சைகை மொழிகளோ ஒன்றுக்கொன்று புரியாதவை. சிறு வயது முதல் சைகை மொழியில் வளர்ந்தவருக்கு எழுத்து மொழி இரண்டாம் மொழியாக இருக்கலாம். அவரிடம் 'கேப்ஷன் ஓடுகிறதே, போதாதா?' என்பது, தாய்மொழியில் கேட்க வந்தவரிடம் வேறொரு மொழியில் வேகமாகப் படித்துக்கொள்ளச் சொல்வதுதான். நடுவயதில் செவித்திறன் குறைந்தவருக்குச் சைகை தெரியாமல் இருக்கலாம். அவருக்குக் கேப்ஷன்தான் வழி. உதட்டசைவைப் படித்துக்கொள்வார் என்று யாரையும் விட்டுவிடாதீர்கள். 'பாடு', 'மாடு' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும்.

தானியங்கி கேப்ஷன் சொதப்பினால் எல்லோரும் மென்பொருளைத் திட்டுகிறார்கள். முதலில் மைக்கைப் பாருங்கள். மேசை நடுவே வைத்த மடிக்கணினியின் மைக், பேச்சோடு சுவரில் பட்டு வரும் எதிரொலியையும் மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்தே எடுக்கும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சட்டையில் குத்திய காலர் மைக் இருந்தாலே பிழைகள் கண்கூடாகக் குறையும். கேள்வி கேட்பவர்களுக்கு இரண்டாவது மைக் வேண்டும். 'எனக்கு மைக் வேண்டாம், சத்தமாகவே பேசுவேன்' என்று ஒருவர் எழுந்து நிற்பார். அவர் குரல் அரங்கம் முழுக்கக் கேட்கும்; கேப்ஷனிலும் லூப்பிலும் ஒரு சொல்கூட ஏறாது. மைக் கைக்கு வந்த பிறகே பேச்சு என்பதை நடத்துநர் கறாராகச் சொல்ல வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. பேச்சுவழக்கில் 'வேணும்', 'வேணாம்' இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒன்று மற்றொன்றாக விழுந்தால் பொருள் தலைகீழ். அதனால் கேப்ஷனைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவரை அமர்த்துங்கள். எல்லாப் பிழையையும் அவர் துரத்த வேண்டாம். எதிர்மறைச் சொல், எண், பெயர் இம்மூன்றும் தவறினால் உடனே உரையாடல் பெட்டியில் திருத்தி எழுதினால் போதும்.

லூப் என்பது அறையைச் சுற்றி ஓடும் கம்பி. மைக்கின் ஒலியைக் காந்தப் புலமாக்கி, டெலிகாயில் (அந்தப் புலத்தைப் பிடிக்கும் சிறு கம்பிச்சுருள்) உள்ள காதொலிக் கருவிக்கு நேரே அனுப்பும். தரையில் இரும்புக் கம்பிகள் அதிகமிருந்தால் புலம் வலுவிழக்கும். பொருத்தியவரிடம் இருக்கைக்கு இருக்கை அளந்து காட்டச் சொல்லுங்கள். கூட்ட நாளில் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சைகை மொழிபெயர்ப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட கூட்டமென்றால் இருவர் தேவை. ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஒருவரையே ஓட்டினால் களைப்பில் செய்திகள் விடுபடும், அதை நீங்கள் கண்டுபிடிக்கவும் முடியாது. ஸ்லைடுகள், பெயர்கள், கலைச்சொற்களை ஒரு வாரம் முன்னதாக அனுப்புங்கள். எந்தச் சொல்லுக்கு எந்தச் சைகை என்று பங்கேற்பாளர்களோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால், ஒவ்வொரு சொல்லையும் விரலெழுத்தில் (எழுத்துக்கு ஒரு விரல் சைகை) எழுத்துக்கூட்டும் நேரம் மிச்சம்.

இணையக் கூட்டங்களில்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். மென்பொருள் ஒலி வரும் பக்கம்தான் படத்தைத் திருப்பும். சைகையில் பேசுபவரிடமிருந்து ஒலி வராது. எனவே அவர் எவ்வளவு நேரம் கையசைத்தாலும் மூலையில் சிறு கட்டமாகவே கிடப்பார். அவர் முறை வரும்போது நடத்துநரே அவரை ஸ்பாட்லைட் செய்ய வேண்டும். ஜூமில் 'பின்' செய்தால் உங்கள் திரையில் மட்டும்தான் மாறும். 'ஸ்பாட்லைட்' செய்தால்தான் எல்லோருக்கும் தெரியும். மொழிபெயர்ப்பாளரின் காணொளிக் கட்டத்தில் தலைக்கு மேல் சிறிது இடமும் கீழே இடுப்பு வரையும், இருபுறமும் முழங்கை விரியும் அளவும் இருக்க வேண்டும். மெய்நிகர்ப் பின்னணி கூடாது; அது விரல்களைத் தின்றுவிடும். விநாடிக்கு 25 முதல் 30 படச்சட்டங்கள் வராவிட்டால் விரலெழுத்து குழம்பிவிடும். இணைப்பு திணறினால் மற்றவர்களின் கேமராவை அணைத்து இணைய வேகத்தை அவருக்கு விடுங்கள். பதிவு செய்வதானால், மொழிபெயர்ப்பாளர் பதிவில் விழுகிறாரா என்று ஐந்து நிமிட ஒத்திகையில் சோதியுங்கள். கூட்டத்தில் தெரிந்தவர் பதிவில் காணாமல் போவதுண்டு.

அரங்கில் புரொஜெக்டருக்காக விளக்கை அணைத்தால் சைகையும் அணைந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் மீது முன்பக்கமிருந்து தனி விளக்கு விழட்டும். பின்னால் ஜன்னல் வேண்டாம். அவரைத் திரைக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். இருக்கைகளை அரைவட்டமாகப் போட்டால் சைகையில் பேசுபவரை எல்லோரும் பார்க்க முடியும்.

எந்த மொழிபெயர்ப்பும் பேச்சுக்குச் சில விநாடி பின்னால்தான் வரும். 'கேள்வி இருக்கிறதா? இல்லையா? சரி, அடுத்து' என்று நீங்கள் நகரும்போதுதான் கேள்வியே காது கேளாதவரிடம் போய்ச் சேர்கிறது. பத்து விநாடி பொறுங்கள். புது ஸ்லைடு வந்ததும் அதைப் படிக்கவும் நேரம் விடுங்கள். ஒரே கண்ணால்தான் ஸ்லைடையும் மொழிபெயர்ப்பாளரையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகு வாட்ஸ்அப் குழுவில் பாதி விவாதம் குரல் செய்திகளில் நடக்கும். எழுத்து இல்லாத குரல் செய்தி கூடாது என்று விதி வையுங்கள். பயிற்சி விடைகளைச் சைகைக் காணொளியாகவும் அனுப்பலாம் என்று அறிவியுங்கள்.

சைகையை ஒலியாக்கும் கையுறை, திரையில் சைகை செய்யும் பொம்மை உருவம் என்று விளம்பரங்கள் வரும். சைகை மொழியின் இலக்கணத்தில் புருவம், வாய், தோள், பார்வை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. கையுறைக்கு அவை தெரியாது. உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பும் உலகச் சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கமும் 2018இல் வெளியிட்ட கூட்டறிக்கை, கணினி உருவங்களை நேரடி உரையாடலுக்கு மனித மொழிபெயர்ப்பாளருக்குப் பதிலாக வைக்கக்கூடாது என்றே எச்சரித்தது. அவற்றுக்கு ஆகும் பணத்தை மொழிபெயர்ப்பாளர்களுக்கும் நல்ல மைக்குகளுக்கும் செலவிடுங்கள்.

உங்கள் திட்டக் குழுவில் காது கேளாத ஒருவரையாவது ஊதியத்தோடு சேருங்கள். ஆண்டில் சில வகுப்புகளையாவது காது கேளாதவர் சைகையில் எடுக்கட்டும், காது கேட்பவர்களுக்கு மொழிபெயர்ப்பு போகட்டும். அடுத்த அறிவிப்பு வெளியாகும்போது அதில் தேவைகளைக் கேட்கும் அந்தக் கேள்வியும், பதில் சொல்லக் கடைசித் தேதியும், தொடர்புகொள்ள தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்திலேயே குறுஞ்செய்தி எண்ணும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும் என எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கற்றல் கூட்டங்களுக்குக் கேப்ஷன், சைகை மொழிபெயர்ப்பு ஏற்பாடுகள் செய்துவருவோர்