பெயரை மாற்றும்போது வரலாற்றையும் கையளியுங்கள்: ஸ்காட்லாந்து தொகுதி எல்லை வரையறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணைய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் டண்டீ நகரின் லோக்கீ பகுதியில் குடியிருப்பவன், இந்தியக் குடிமகன். இங்கே சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பதால் எனக்கும் ஒரு வாக்கு உண்டு. 2019 டிசம்பர் தேர்தலுக்கு வந்த வாக்காளர் அட்டையில் 'டண்டீ மேற்கு' என்று அச்சிட்டிருந்தது. 2024 ஜூலைத் தேர்தலுக்கு வந்ததில் 'டண்டீ மத்தி'. வீடும் தெருவும் மாறவில்லை. இரண்டு அட்டைகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த நகரத்தில் படிக்க வந்திருக்கும் தமிழ் மாணவர்களில் பலருக்குத் தங்களுக்கு இங்கே வாக்குரிமை இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் எந்தத் தொகுதியில் வாக்களிக்கிறோம், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. அவர்களும் படிக்கட்டும் என்றே பொதுவில் வைக்கிறேன். ஆங்கிலப் படியை உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன்.

உங்கள் மீது குறை சொல்ல நான் எழுதவில்லை. 2023 சீரமைப்பில் உங்கள் கைகள் எவ்வளவு இறுகக் கட்டப்பட்டிருந்தன என்பதை அறிவேன். ஒரு தொகுதிக்கான சராசரி வாக்காளர் எண்ணிக்கை 73,393. அதிலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. சில தீவுத் தொகுதிகளுக்கு விலக்கு உண்டு. ஸ்காட்லாந்தின் 59 இடங்களை 57 ஆக்க வேண்டியிருந்தது. வாக்குகளுக்குச் சம மதிப்பு வேண்டும் என்ற கொள்கையை நான் மதிக்கிறேன். அந்தக் கணக்கில்தான் டண்டீ மேற்கும் டண்டீ கிழக்கும் மறைந்தன. நகரத்தின் நடுவில் டண்டீ மத்தி எழுந்தது. கிழக்குப் பகுதி அங்கஸ் கரையோரத்தோடு சேர்ந்து 'ஆர்ப்ரோத் - பிராட்டி ஃபெரி' ஆனது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு தொகுதியை நீங்கள் இல்லாமல் செய்யும்போது, அதன் தேர்தல் வரலாற்றைப் புதிய தொகுதியின் கையில் ஒப்படையுங்கள். உங்கள் அறிக்கையில் ஒவ்வொரு புதிய தொகுதிக்கும் வரைபடம் இருக்கிறது, வாக்காளர் எண்ணிக்கை இருக்கிறது. அதோடு அந்தத் தொகுதியின் முன்னோர் யார், அங்கே யார் யார் நின்றார்கள், எத்தனை வாக்குப் பெற்றார்கள் என்ற வம்சாவளியும் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்பதற்கு 'டண்டீ' என்ற பழைய தொகுதியையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1832 முதல் 1950 வரை இருந்த தொகுதி அது.

அதன் முதல் உறுப்பினர் ஜார்ஜ் கின்லாக். மான்செஸ்டரில் வாக்குரிமைச் சீர்திருத்தம் கேட்டுக் கூடியவர்களைப் படையினர் தாக்கிய பீட்டர்லூ படுகொலை நடந்த 1819ஆம் ஆண்டில், டண்டீயின் மாக்டலன் கிரீன் புல்வெளியில் கூடிய மக்களிடம் அவர் பேசினார். அந்தப் பேச்சுக்காக அவர்மேல் வழக்குப் பாய்ந்தது. பிரான்சுக்குத் தப்பினார், சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவிக்கப்பட்டார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, வாக்குரிமையை விரிவாக்கிய சீர்திருத்தச் சட்டத்தின்படி நடந்த முதல் தேர்தலில் இந்த ஊர் அவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே இறந்துபோனார். ஆல்பர்ட் சதுக்கத்தில் அவருடைய சிலை நிற்கிறது. அதைக் கடந்து போகும் மாணவர்களிடம் அவர் எந்தத் தொகுதியின் உறுப்பினர் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? அந்தத் தொகுதியின் பெயர் இன்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

1868இல் டண்டீக்கு இரண்டு உறுப்பினர்கள் கிடைத்தார்கள். ஒரே தொகுதி, இரண்டு இடங்கள், ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். தமிழ்நாட்டில் 1952, 1957 தேர்தல்களில் வாக்களித்த முதியவர்களுக்கு இது புதிதல்ல. இந்தியாவிலும் 1961 வரை இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. அங்கே இரண்டில் ஓர் இடம் பட்டியல் இனத்தவருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது. டண்டீயில் அப்படி ஒதுக்கீடு எதுவும் இல்லை. எந்த இருவரை வேண்டுமானாலும் சோடி சேர்க்கலாம். அந்தச் சுதந்திரத்தை இந்த ஊர்க்காரர்கள் பயன்படுத்திய விதம்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. 1906இல் ஒரு வாக்கை லிபரல் கட்சியின் எட்மண்ட் ராபர்ட்சனுக்கும் மற்றொன்றைத் தொழிற்கட்சியின் அலெக்சாண்டர் வில்கிக்கும் போட்டார்கள். தொழிற்கட்சிக்கு ஸ்காட்லாந்தில் கிடைத்த முதல் இரண்டு இடங்களில் ஒன்று அது.

1908இல் ராபர்ட்சன் பிரபுக்கள் சபைக்குப் போனார். அவர் ஏற்ற பட்டம் லோக்கீ பிரபு. நான் குடியிருக்கும் இதே லோக்கீ. காலியான இடத்துக்கு வந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். அமைச்சராகப் பொறுப்பேற்பவர் மீண்டும் மக்களிடம் போய் வாக்குக் கேட்க வேண்டும் என்பது அன்றைய விதி. அப்படிக் கேட்கப்போன மான்செஸ்டர் வடமேற்கில் தோற்று, அடுத்த சில வாரங்களில் டண்டீ வந்தார். அந்த இடைத்தேர்தலில் பெண்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் மேரி மலோனி என்ற பெண் கையில் ஒரு பெரிய மணியோடு அவரைப் பின்தொடர்ந்து, அவர் வாய் திறக்கும்போதெல்லாம் அடித்தார். சர்ச்சில் 7,079 வாக்குகளோடு வென்றார். இது ஆயுளுக்கும் தனக்கு நிலைக்கும் இடம் என்று நம்பினார்.

அந்த இடைத்தேர்தலில் கடைசியாக வந்தவர் எட்வின் ஸ்கிரிம்ஜர். கிறிஸ்தவப் பக்தியும் சோசலிசமும் ஒருசேரக் கொண்டவர். ஸ்காட்டிஷ் மதுவிலக்குக் கட்சியைத் தொடங்கியவர். பெற்ற வாக்கு 655.

அவர் விடவில்லை. 1910 ஜனவரியில் 1,512. அதே ஆண்டு டிசம்பரில் 1,825. 1917இல் சர்ச்சில் போர்த்தளவாட அமைச்சரானபோது வந்த இடைத்தேர்தலில், எதிர்த்து நிற்க வேறு ஒருவரும் இல்லாத நிலையில், 2,036. 1918இல் 10,423. 1922 நவம்பர் 15 அன்று 32,578.

இந்த எண்களை நான் ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். பதினான்கு ஆண்டுகள், ஒரே ஊர், ஒரே எதிராளி. தொகுதியின் பெயரும் எல்லையும் ஒவ்வொரு தேர்தலிலும் மாறியிருந்தால், இந்த வரிசையை யாராலும் இப்படிக் கோத்துப் பார்க்க முடியாது.

1922இன் முழு முடிவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'சர்ச்சிலைத் தோற்கடித்த ஊர்' என்ற ஒற்றை வரியில் இது அடங்கிவிடுகிறது. தொழிற்கட்சி ஒரே ஒரு வேட்பாளரைத்தான் நிறுத்தியது. அவர் ஈ. டி. மோரல். காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபால்டின் ஆட்சி நடத்திய கொடுமைகளை உலகுக்குச் சொன்னவர். போரை எதிர்த்ததற்காக 1917இல் சிறைக்குப் போனவர். தொழிலாளிகள் ஒரு வாக்கை மோரலுக்கும் மற்றதை ஸ்கிரிம்ஜருக்கும் போட்டார்கள். மோரலுக்கு 30,292. சர்ச்சிலோடு சோடியாக நின்ற மெக்டொனால்டுக்கு 22,244. சர்ச்சிலுக்கு 20,466; தன் சொந்தச் சோடியைவிட 1,778 வாக்குகள் பின்தங்கி நான்காவது இடம். கம்யூனிஸ்டான வில்லி கல்லாஹருக்கு 5,906. அவர் 1935இல் மேற்கு ஃபைஃப் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். அந்த மேற்கு ஃபைஃபும் இன்று இல்லை.

சர்ச்சிலுக்கு அப்போதுதான் குடல்வால் அறுவை நடந்திருந்தது. கடைசி நாள்களில் நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்தார்கள். தோல்விக்கு அதைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். காரணம் லோக்கீயின் தெருக்களில் இருந்தது. வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலை, இந்த ஊர்த் திமிங்கிலக் கப்பல்கள் கொண்டுவந்த எண்ணெயில் பதப்படுத்தி, உலகத்துக்கே சாக்கு நெய்த நகரம் இது. லோக்கீயின் கேம்பர்டவுன் ஆலை ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய சணல் ஆலை. அதன் புகைபோக்கி இன்றும் ஊருக்கு மேல் நிற்கிறது. ஹூக்ளி ஆற்றங்கரை ஆலைகள் வளர வளர இங்கே வேலை சுருங்கியது. போர் முடிந்ததும் சாக்குக்கான தேவையும் சரிந்தது. ஆலைகளில் பெண்களையே அதிகம் சேர்த்தார்கள், அவர்களுக்குக் கூலி குறைவு என்பதால். வேலையில்லாமல் வீட்டில் இருந்த ஆண்களை ஊரார் 'கெண்டி காய்ச்சுகிறவர்கள்' என்றார்கள். லோக்கீயில் ஐரிஷ் குடும்பங்கள் நிறைய; அயர்லாந்தில் ஏவிவிடப்பட்ட 'பிளாக் அண்ட் டான்ஸ்' படையின் அட்டூழியத்தை அவர்கள் மறக்கவில்லை, அப்போது போர் அமைச்சராக இருந்தவர் யார் என்பதையும் மறக்கவில்லை. டண்டீ மக்கள் வாழும் வாழ்க்கையைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது என்று சர்ச்சிலே பின்னர் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றும் உண்டு. 1918 சட்டம் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டுமே வாக்குத் தந்தது, அதுவும் சொத்துத் தகுதியோடு. ஆகவே 1922இல் ஆலையில் நூல் நூற்ற இளம்பெண்களில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிக்கு வெளியேதான் நின்றார்கள். அவர்களுக்கு வாக்கு வந்தது 1928இல்.

அதற்குப்பின் வரலாறு நாம் எதிர்பார்க்கும் பக்கமாகவே ஓடவில்லை. மதுவிலக்குக்காக மட்டுமே தொடங்கிய கட்சியின் பெயரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த ஒரே மனிதர் ஸ்கிரிம்ஜர். அவர் கொண்டுவந்த மதுவிலக்கு மசோதாவை அவை தள்ளிவிட்டது. ஆனால் ஊர் அவரை 1931 வரை வைத்திருந்தது. அந்த ஆண்டு இதே தொழிலாளர் நகரம் லிபரலான டிங்கிள் ஃபுட்டையும் கன்சர்வேடிவ் கட்சியின் ஃபுளோரன்ஸ் ஹார்ஸ்பரோவையும் தேர்ந்தெடுத்தது. பெண்களின் உழைப்பில் நின்ற ஊருக்குப் பெண் உறுப்பினர் ஒருவர் கிடைக்க 1931 ஆனது. அவரே பின்னர் தம் கட்சியிலிருந்து பிரிட்டிஷ் அமைச்சரவைக்குள் போன முதல் பெண். மோரல் 1924இல் இறந்தபின் இங்கே வென்ற டாம் ஜான்ஸ்டனை, இரண்டாம் உலகப் போரின்போது ஸ்காட்லாந்து அமைச்சராக்கியவர் சர்ச்சில்தான். அதே போரின் நடுவே, 1943இல், நகர மன்றம் 16க்கு 15 என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில் சர்ச்சிலுக்கு நகரக் கௌரவக் குடியுரிமை வழங்க முன்வந்தது. அவர் மறுத்துவிட்டார்.

1950இல் நாடு முழுவதும் இரட்டைத் தொகுதிகள் ஒழிந்தன. டண்டீ கிழக்கு, மேற்கு என்று பிரிந்தது. மேற்கு 2015 வரை தொழிற்கட்சியை விட்டு அசையவில்லை. கிழக்கோ 1974 பிப்ரவரியிலேயே, ஸ்காட்லாந்து விடுதலை கோரும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் கார்டன் வில்சனை அனுப்பியது; 1987இல் அவரைத் தோற்கடித்தது; 2005இல் 383 வாக்கு வித்தியாசத்தில் அதே கட்சிக்குத் திரும்பியது. 2014 பொது வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து விடுதலைக்கு 57 சதவீதம் பேர் ஆதரவளித்த ஊர், ஒரே இரவில் அப்படி ஆகிவிடவில்லை. நாற்பது ஆண்டு அடிச்சுவடு கிழக்குத் தொகுதியின் முடிவுகளில் பதிந்திருக்கிறது. அந்தத் தொகுதியையும் சேர்த்துத்தான் 2024இல் மூடினோம்.

2024 தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் டண்டீ மத்தியின் முடிவு வந்தபோது, ஒப்பிட்டுக் காட்ட '2019 முடிவு' என்று ஒன்றைப் போட்டார்கள். அப்படி ஒரு தேர்தல் நடக்கவே இல்லை. பழைய வாக்குகளைப் புதிய எல்லைக்குள் பொருத்தி வல்லுநர்கள் போட்ட மதிப்பீடு அது. ஒப்பிடுவதற்கு அது தேவைதான். ஆனால் புதிய தொகுதிக்குக் கிடைத்த ஒரே பிறப்புச் சொத்து ஒரு மதிப்பீடு மட்டுமே என்பது எனக்கு வலித்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர், 1974இல் முதல்முறை வாக்களித்தவர், திரையைப் பார்த்துக் கேட்டார்: "புதிய இடம் என்கிறார்களே, நாங்கள் எல்லாம் எங்கே போனோம்?"

எல்லை வரையும்போது உள்ளூர்ப் பிணைப்புகளைக் கருத்தில் கொள்ளச் சட்டமே உங்களை அனுமதிக்கிறது. பள்ளி, சந்தை, பஸ் தடம் இவற்றையெல்லாம் பிணைப்பு என்று ஏற்கிறீர்கள். ஒரே பெட்டியில் தலைமுறை தலைமுறையாக வாக்குப் போட்டதும் பிணைப்புதான். அதற்காக எல்லையை மாற்றச் சொல்லவில்லை. 73,393 என்ற எண்ணோடு நான் சண்டையிடவில்லை. எழுதிவையுங்கள் என்றுதான் கேட்கிறேன். டண்டீ மத்தி என்ற தலைப்பின் கீழே, அதன் நிலம் 1832இல் எந்தத் தொகுதியில் இருந்தது, 1950இல் எதற்குப் போனது, 2024இல் எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கம். ஆர்ப்ரோத் - பிராட்டி ஃபெரிக்கும் அப்படியே. 57 தொகுதிகளுக்கும் அப்படியே. பெரும்பாலான முடிவுகள் ஏற்கெனவே அச்சில் உள்ளவை. கோத்துத் தரும் அதிகாரபூர்வமான கை ஒன்றுதான் வேண்டும்.

அடுத்த சீரமைப்பு அறிக்கையை 2031க்குள் தர வேண்டும் என்பது சட்டம். அதற்கான பொதுக் கருத்துக் கேட்பு தொடங்கும்போது, பெரியவரை அழைத்துக்கொண்டு இந்த வேண்டுகோளோடு நேரில் வருவேன். என் இரண்டு வாக்காளர் அட்டைகளும் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
லோக்கீயில் வசிக்கும் ஒரு வாக்காளர்