டேஸ்ட் என்று நீ சொன்னதைப் பற்றி

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. நீ சொன்ன இரண்டு விஷயங்கள் மாறி மாறி காதில் கேட்டுக்கொண்டே இருந்தன. போனில் ஆரம்பித்தால் "விடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இதெல்லாம் ஒரு அம்மா மகனிடம் பேசுகிற விஷயமா என்று உனக்குக் கூச்சமாக இருக்கலாம், எனக்கும்தான் இருக்கிறது, ஆனாலும் படித்துவிடு.

டேட்டிங் ஆப்பில் பழக்கமான அந்தப் பெண் இரண்டாவது சந்திப்பிலேயே, "உன் நிறத்தில் ஒருத்தனோடு பழகணும் என்று ரொம்ப நாள் ஆசை" என்றாளாம். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் குரல் இறங்கியது எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் உன்னை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாதபோது திரும்பி வந்து, "நானே வந்துட்டேன்" என்பாயே, அதே குரல். பாராட்டுதானே, இதில் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். அவளுடைய ரொம்ப நாள் ஆசை உன்னைப் பார்ப்பதற்கு முன்பே அவளிடம் இருந்ததப்பா, அதற்குள் நீ இல்லை. எதிர் நாற்காலியில் அதே நிறத்தில் வேறு எவன் வந்து உட்கார்ந்திருந்தாலும் அது நிறைவேறியிருக்கும். உனக்கு வலித்தது அதுதான்.

படித்தவர்கள் இதற்கு 'மற்றமை' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நாம் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் தலையில் நம் பயத்தையும் ஆசையையும் சேர்த்தே ஏற்றிவிடுவது. அவர்கள் ஆபத்தானவர்கள், அடங்காதவர்கள், உடம்பால் மட்டுமே ஆனவர்கள் என்று ஒரு கதை கட்டுவது, பிறகு அந்தக் கதை மேலேயே ஆசைப்படுவது.

சாரா பார்ட்மன் என்ற பெண்ணைப் பற்றி நான் படித்ததிலிருந்து மறக்க முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனத்துப் பெண். 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோய் அவள் உடம்பைக் காட்சிக்கு வைத்தார்கள், இடுப்புக்குக் கீழே பெருத்திருக்கிறது என்று காசு கொடுத்துப் பார்க்க வந்தது கூட்டம். அப்புறம் பாரிஸ். அங்கே கூவியே என்ற பெரிய விஞ்ஞானி அவளை உயிரோடு பார்த்திருக்கிறார், அவளுக்கு நல்ல ஞாபகசக்தி, டச்சு மொழி நன்றாகப் பேசுகிறாள், ஆங்கிலமும் கொஞ்சம் தெரியும் என்று அவரே எழுதியிருக்கிறார். எழுதிய அதே கையால் அவளைக் குரங்கோடும் ஒப்பிட்டார். அவள் இறந்ததும் உடலை அறுத்து மூளையையும் பிறப்புறுப்பையும் பாட்டிலில் போட்டு வைத்தார். 1970கள் வரை அவளைப் பாரிஸ் மியூசியத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 2002இல்தான் சொந்த மண்ணில் அடக்கம் செய்ய முடிந்தது. அவள் எதிரில் நின்று பேசியிருக்கிறாள், அவர் காதிலும் விழுந்திருக்கிறது, இருந்தும் அவர் கண்ணுக்கு உடம்பு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. என்னைத் தூங்க விடாத இடம் அது.

அமெரிக்காவில் வர்ஜீனியா என்று ஒரு மாநிலம். அது ஆங்கிலேயர் காலனியாக இருந்தபோது, 1662இல் ஒரு சட்டம் போட்டார்கள்: அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி. அதாவது எஜமான் அவளைப் பலாத்காரம் செய்தால் அவனுக்குத் தண்டனை இல்லை, ஒரு அடிமை கூடும். 1691இல் அதே இடத்தில் இன்னொரு சட்டம், வெள்ளையர் கறுப்பரைக் கல்யாணம் செய்தால் நாடு கடத்து என்று. இருட்டில் தொடலாம், ஊரறிய மனைவி என்று சொல்லக் கூடாது. 1958இல்கூட அங்கே லவிங் என்ற தம்பதியின், கணவன் வெள்ளையர், மனைவி கறுப்பினப் பெண், படுக்கையறைக்குள் நடுராத்திரி போலீஸ் நுழைந்தது, சுவரில் மாட்டியிருந்த கல்யாணச் சான்றிதழைக் காட்டியும் இங்கே செல்லாது என்றார்கள். உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது 1967இல். யாரை ஆசைப்படலாம், எவ்வளவு ஆசைப்படலாம் என்று முன்னூறு வருஷமாக யாரோ நமக்காக எழுதி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அதை நாம் 'என் டேஸ்ட்' என்கிறோம்.

அங்கேதான் நீ சொன்ன அடுத்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லி முடித்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, "கறுப்பினப் பெண்கள் எனக்குச் செட் ஆகாதும்மா, வந்தால் ஸ்வைப் பண்ணித் தள்ளிவிடுவேன், டேஸ்ட் அவ்வளவுதான்" என்றாய். எத்தனை பேரிடம் பேசிப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தாய்? ஒருத்தியிடம்கூட இல்லை. அந்தப் பெண் உன்னைக் கூப்பிட்டது நிறத்தைப் பார்த்து, நீ இவர்களைத் தள்ளுவதும் நிறத்தைப் பார்த்துத்தான்.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. உனக்கு ஆறு ஏழு வயது இருக்கும், வெளியே ஓடும்போதெல்லாம் "வெயிலில் நிற்காதே, கறுத்துப்போவாய்" என்று கத்துவேன். ஒருநாள் நீ சோப்பை முழங்கையில் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாய், தோல் சிவந்துபோயிருந்தது, என்னடா செய்கிறாய் என்றால், "போகவே மாட்டேங்குதும்மா" என்றாய். நான் சோப்பைப் பிடுங்கினேனே தவிர, அந்த நிறத்தில் ஒரு தப்பும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபது வருஷம் தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துவிடு.

யாரையும் கட்டாயமாக விரும்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆசையை அதிகாரம் செய்ய முடியாது, பரிதாபத்தில் ஒரு பெண்ணோடு பழகினால் அது இன்னும் பெரிய அவமானம். வேறு இனத்துப் பெண்ணை விரும்புவதும் தப்பே இல்லை. நீ யாரைக் கூட்டி வந்தாலும் கதவைத் திறக்கப்போவது நான்தான். தள்ளுவதற்கு முன்னால் அவள் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் படித்துப் பார், அவ்வளவுதான் கேட்கிறேன். அந்த முதல் பெண்ணிடமும், உனக்குப் பிடித்திருந்தால், நேராகவே கேள்: என்னிடம் என் நிறம் இல்லாமல் வேறு என்ன பார்த்தாய் என்று. யோசித்துப் பதில் சொல்கிறவளாக இருந்தால் பழகு. அவளும் ஏதோ ஒரு வீட்டில் எதையோ கேட்டு வளர்ந்தவள்தானே.

முக்கால் மணி நேரம் பேசினோம், அவள் பெயர் என்ன என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த ஞாயிறு கேட்பேன்.

அம்மா