கடலோர வீட்டு ஒயரிங்: எஸ்டிமேட்டில் வராத செலவு

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய வீட்டுக்கு ஒயரிங் மாற்ற ஆகும் செலவு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மதுரைக்கு அந்தக் கணக்கு சரி. கீழக்கரைக்குப் போதாது.

எங்களுடையது மர ரீப்பரில் ஒயர் ஓட்டிய பழைய வீடு. வீட்டுக்காரர் துபாயில் இருப்பதால் வரவு செலவு என் கையில். இங்கே எஸ்டிமேட் என்றால், பாயிண்டுக்கு இவ்வளவு என்று துண்டுச்சீட்டில் எழுதித் தருவதுதான். ஒயர் பதிக்கக் காடி வெட்டிய சுவரைப் பூசும் கொத்தனார் கூலி, அப்புறம் பெயிண்ட், எதுவும் அதில் வராது. எர்த் பற்றிக் கேட்டதற்கு, "பழைய குழியே போதும் லாத்தா" என்றார் எலக்ட்ரீஷியன்.

தோண்டச் சொன்னேன். எர்த்துக்காகப் புதைத்திருந்த இரும்புக் குழாய் பாதிக்குக் கீழே இற்றுப் போயிருந்தது. உப்பு மண் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். ஆனால் குழாயை அரித்துவிடும். செம்பு பூசிய எர்த் ராடு விலை அதிகம்தான். ஹாலுக்குப் பார்த்து வைத்திருந்த பகட்டான சுவிட்சுகளை விட்டுவிட்டு அதை வாங்கினேன்.

ஷாக் அடித்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விஷயத்தில் இன்னொரு கூத்து. ஈரச்சுவரில் நைந்த ஒயர் இருந்தால் மின்கசிவு இருக்கும், ஆர்சிசிபி அடிக்கடி விழத்தான் செய்யும். தொந்தரவு என்று ஆர்சிசிபியையே கழற்றி வைத்திருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

மொத்தமாகச் செலவழிக்க முடியாதவர்கள் எர்த், மெயின் போர்டு, ஆர்சிசிபி மூன்றையும் முதலில் முடிக்கலாம். அடுத்து அடுப்படி, குளியலறை, மோட்டார். பிளக்குகளுக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். படுக்கையறை விளக்குகள் அடுத்த வருடம் வரை பொறுக்கும். ஆனால் பூச்சு வேலைக்கு முன் ஒயரின் இன்சுலேஷனைப் பார்க்கும் மெக்கர் கருவி வைத்துச் சோதிக்காமல் கொத்தனாரை உள்ளே விடாதீர்கள். பிறகு கோளாறு தெரிந்தால் பூசிய சுவரை மறுபடி உடைக்க வேண்டும்.

மின்வாரியத்துக்கு ஒரு கோரிக்கை. ஐப்பசி மழைக்கு முன்பாக, மண்டபம் முதல் ஏர்வாடி வரை கடலோர ஊர்களில் எர்த் சோதனை முகாம் நடத்துங்கள். கட்டணம் வைத்தாலும் சரி, கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

ஒரு வாசகி,
கீழக்கரை